பதினாறு பேருக்கும் நூத்துக்கு நூறு

எனக்குக் கோபம் வரும். அதை முதல்லயே சொல்லிடறேன், அப்புறம் யாரும் ‘என்ன டீச்சர் இப்படிப் பேசறீங்க’ன்னு கேக்கக் கூடாது. அரசாங்கத் தொழிற்பயிற்சிப் பள்ளியில பத்தொன்பது வருஷமா குழாய் வேலை சொல்லிக் குடுக்கறேன். பிள்ளைங்க எனக்கு வச்ச பேரு குழாய் டீச்சர். அதுல எனக்கு வருத்தம் இல்ல. பக்கத்துப் பட்டறைக்காரருக்கு வச்சிருக்கற பேரைக் கேட்டா, நான் பிழைச்சேன்னு நீங்களே சொல்வீங்க.

இந்தத் தடவை கோபத்துக்குக் காரணம் ஒரு சுற்றறிக்கை. ஒரே ஒரு தாள். ‘பட்டறை வகுப்புகளில் மாணவர்களே வேலை செய்வதாலும், ஆசிரியர் மேற்பார்வை மட்டுமே செய்வதாலும், பட்டறையில் கழியும் ஒரு மணி நேரம் இனி அரை மணி நேரமாகக் கருதப்படும்.’ படிச்சதும் என் காதுல புகை வராத குறை. கரும்பலகை முன்னாடி நின்னா ஒரு மணி ஒரு மணிதானாம். ஒரு கண்ணு ரெஞ்சு மேல, ஒரு கண்ணு விரல் மேல, முதுகுலயும் ரெண்டு கண்ணு இருந்தா தேவலைன்னு பதினாறு பேரைச் சுத்திச் சுத்தி வந்தா அது அரை மணியாம். கரும்பலகைக்காரங்க வாரத்துக்குப் பதினெட்டு மணி நேரம் எடுத்தா போதும், நாங்க முப்பத்தாறு எடுக்கணும். மேற்பார்வையாம்ல மேற்பார்வை! இதை எழுதினவங்க என் பட்டறைக்கு வந்து ஒரே ஒரு நாள் அந்த மேற்பார்வையைப் பண்ணட்டும், சாயங்காலம் அவங்க காலு அவங்க பேச்சைக் கேக்குதான்னு பாக்கலாம்.

ஸ்டிரைக் ஆரம்பிச்சோம். பள்ளிக்கூட கேட்டுக்கு எதிர்ல பந்தல். சங்கத் தலைவர் வெல்டிங் சார், செயலாளர் நான். ஸ்டிரைக் பந்தல்னா மத்த ஊழியர்களுக்கு நாலு கம்பு, ஒரு துணி, முடிஞ்சது கதை. எங்க ஆளுங்களுக்கு அப்படி வராது. தச்சு வாத்தியார் கம்பு ஊனறதுக்கு முன்னாடி ரசமட்டம் வச்சுப் பாத்தார். வெல்டிங் சார் ‘ஆடுதே’ன்னு சொல்லிட்டு இரும்புச் சட்டம் போட்டார். தையல் டீச்சர் துணிக்கு ரெட்டை ஓரம் அடிச்சாங்க. நான் மட்டும் சும்மா இருப்பேனா, ஒரு குழாய் இழுத்துக் கை கழுவத் தொட்டி வச்சேன். மூணாம் நாள் ஒரு போலீஸ்காரர் வந்து நாலா பக்கமும் சுத்திப் பாத்துட்டு, ‘இதைத் திரும்பப் பிரிப்பீங்கதானே?’ன்னு சந்தேகமா கேட்டுட்டுப் போனார்.

எல்லாம் சிரிப்பும் கோஷமுமாத்தான் போய்க்கிட்டு இருந்துச்சு. எனக்கு மட்டும் ஒரு கவலை. அது என் நாத்தனார்.

எங்க வீட்டுக்காரரோட தங்கச்சி. அவ புருஷன் வேலைக்குன்னு வெளியூர் போனவன், அங்கேயே வேற குடும்பம் தேடிக்கிட்டான். ஆறு வருஷமா பொண்ணோட எங்க வீட்டுலதான் இருக்கா. அவளை ஒருத்தர் ஒரு வார்த்தை சொன்னது கிடையாது. ஆனா அவளா ஒதுங்கியே இருப்பா. டீ போட்டா ஆறிப்போன கடைசி டம்ளர் அவளுது. டிவியில என்ன பாக்கலாம்னு கேட்டா ‘எது வேணா பாருங்க அண்ணி.’ எனக்கு அது பொறுக்கல. போன வருஷம் தரதரன்னு இழுத்துட்டுப் போய் என் வகுப்புல சேத்தேன். அப்ப அவளுக்கு நாப்பத்தோரு வயசு, கூடப் படிக்கறதுங்க எல்லாம் இருபது தாண்டாததுங்க. முதல் நாள் ரெஞ்சைக் கரண்டி மாதிரி பிடிச்சா. இப்ப அவ குழாய்க்குத் திருகு போடறதைப் பாத்தா எனக்கே பொறாமை வருது. பள்ளியில நான் டீச்சர், வீட்டுல அண்ணி. ஒரு தடவை கூட மாத்திச் சொன்னதில்ல.

பெரிய ஆஸ்பத்திரியில குழாய் வேலைக்கு நாலு இடம் காலி. நேர்முகத்துல அவளைத் தேர்ந்தெடுத்துட்டாங்க. திங்கக்கிழமை சான்றிதழோட போய் நிக்கணும், இல்லைன்னா அடுத்த ஆளுக்குப் போயிடும். சான்றிதழ் வேணும்னா வியாழக்கிழமை செய்முறைப் பரீட்சை நடந்தாகணும். நடத்த வேண்டியவ நான். நானோ பந்தல்ல கோஷம் போட்டுக்கிட்டு இருக்கேன்.

‘வேலை கிடைச்சா ரெண்டு ரூம்ல ஒரு வீடு பாத்துக்கறேன் அண்ணி. உங்க வீட்டுல குறை ஒண்ணும் இல்ல. ஆனா ஒரு தடவையாவது என் கதவை நானே பூட்டிட்டுப் போகணும்னு இருக்கு’ன்னு என்கிட்ட ஒரே ஒரு தடவை சொல்லியிருக்கா. அவ வாயைத் திறந்து கேட்டதே அந்த ஒண்ணுதான். அதுக்குக் குறுக்க நிக்கறது நான். சோறு எப்படி இறங்கும் சொல்லுங்க?

புதன்கிழமை சாயங்காலம் எங்க வீட்டுக்காரர் செருப்பைக் கூடக் கழட்டாம வாசல்லயே நின்னார். அவர் மண்டலக் கல்வி அலுவலகத்துல மூத்த எழுத்தர். இருபத்திரண்டு வருஷ வேலையில அவர் எழுதின தாள்ல ஒரு அடித்தல் திருத்தல் கிடையாதுன்னு அந்த ஆபீஸ்ல பெருமையா சொல்வாங்க.

“என்னங்க, உள்ள வர உத்தரவு ஏதும் வேணுமா?”

“ஒரு ஆர்டர் வந்திருக்கு” அப்படின்னு மென்னு முழுங்கினார். “நாளைக்குப் பரீட்சை நடக்குமாம்.”

“யாரு நடத்தறது? ஆவியா?”

“மேற்பார்வை மட்டும்தானே, யாரு வேணா பண்ணலாம்னு மண்டல அதிகாரி சொல்லிட்டார்.” அப்புறம்தான் செருப்பைக் கழட்டினார். “என்னைப் போட்டிருக்கார். தங்கச்சியும் பரீட்சையில இருக்காளேன்னு சொன்னேன், மேற்பார்வைக்கு அது தடையில்லையாம்.”

எனக்கு முதல்ல சிரிப்புதான் வந்துச்சு. எங்க வீட்டுக் குழாயில வாஷர் போனா, தொட்டுக் கூடப் பாக்காம நான் வர்ற வரைக்கும் அடியில வாளி மாத்திக்கிட்டு உக்காந்திருக்கற மனுஷன் இவர்! சிரிச்சு முடிச்சதும் கோபம் வந்துச்சு.

“ஏங்க, பந்தல்ல நான் செயலாளர். என் புருஷன் கருங்காலியா? நாளைக்கு நான் எந்த மூஞ்சியை வச்சுக்கிட்டு கோஷம் போடுவேன்?”

“ஆர்டர்ம்மா. எழுத்துல இருக்கு.”

“எழுத்துல இருந்தா கிணத்துல குதிப்பீங்களா?”

“வரிசை எண் இருந்தா யோசிப்பேன்”னார் பாவமா. அந்த ஆளை என்ன செய்யறது!

நாத்தனார் சமையலறை வாசல்ல வந்து நின்னா. கையெல்லாம் சோப்பு நுரை. “அண்ணி, நான் போகட்டுமா, வேணாமா? நீங்க என்ன சொல்றீங்களோ அது.”

என்ன சொல்றது? போகாதேன்னா அவ வேலை போச்சு. போன்னா எங்க ஸ்டிரைக் போச்சு. ஒன்பது நாள் வெயில்ல உக்காந்த எல்லாரும் என் மூஞ்சியில காறித் துப்புவாங்க. ரெண்டையும் மனசுல தூக்கித் தூக்கிப் பாத்தேன். கடைசியில, “போ. பரீட்சை உன்னுது. ஸ்டிரைக் என்னுது. ரெண்டையும் போட்டுக் குழப்பாதே”ன்னு கத்திட்டேன். கத்த வேண்டிய விஷயம் இல்ல அது. ஆனா மெதுவா சொன்னா அழுதுடுவேன்னு தோணுச்சு.

மறுநாள் காலையில எங்க வீட்டுல இருந்து மூணு பேரும் ஒண்ணாத்தான் கிளம்பினோம். கேட் வந்ததும் அவங்க ரெண்டு பேரும் உள்ள போனாங்க, நான் இந்தப் பக்கம் பந்தலுக்கு வந்தேன். எங்க ஆளுங்க ஏற்கெனவே இறுகியிருந்த பந்தல் கயித்தை மறுபடி இறுக்க ஆரம்பிச்சாங்க. அது திட்டினதை விட மோசமா இருந்துச்சு. தையல் டீச்சர் மட்டும் என் பக்கத்துல வந்து, “சட்டை நல்லா இஸ்திரி போட்டிருக்கார் உங்க வீட்டுக்காரர்”னாங்க. அவங்களுக்கு ஆறுதல் சொல்ல வராது, பாவம்.

உள்ள நடந்தது நாத்தனார் அப்புறம் சொன்னது. பதினாறு பேருக்கும் ஆளுக்கு ஒரு நிக்கற பலகை. அதுல படத்துல இருக்கற மாதிரி குழாயை வெட்டி, திருகு போட்டு, கசியாம இருக்க டேப் சுத்தி, நாலு எல்போ வளைவு, ஒரு வால்வு எல்லாம் மாட்டி நிறுத்தணும். எங்க வீட்டுக்காரர் ‘யாரும் பேசக் கூடாது’ன்னு சொல்லிட்டு நாற்காலியில உக்காந்தார். ரெண்டு பக்கமும் ரெஞ்சும் சுத்தியலும் போடற சத்தத்துல அவர் சொன்னது அவருக்கே கேட்டிருக்காது. பன்னெண்டு மணிக்கு எழுந்து ஒவ்வொரு பலகையா நடந்து பாத்தார். எல்லாம் பளபளன்னு, நேரா, அழகா இருந்துச்சாம். எல்லாருக்கும் நூத்துக்கு நூறு போட்டார். ஒருத்தன் வால்வைத் தலைகீழா மாட்டியிருந்தான், அவனுக்கும் நூறு. ஒருத்தி கடைசி எல்போவைத் திருகவே இல்ல, சும்மா சொருகி வச்சிருந்தா, அவளுக்கும் நூறு.

“முடிஞ்சது, சாப்பிடப் போங்க”ன்னார். ஒருத்தரும் நகரல. அவங்கவங்க பலகை பக்கத்துல கையைக் கட்டிக்கிட்டு நின்னாங்க.

எங்க பட்டறையில ஒரு வழக்கம். வேலை முடிஞ்சதும் குழாய்க்குள்ள பம்பால தண்ணியை அழுத்தி, பத்து நிமிஷம் அழுத்தம் காட்டற அளவுமுள் இறங்காம நிக்குதான்னு பாப்போம். ஆனா பம்பு அடிக்கச் சொல்றது நான் இல்ல. திருகு போட்ட ஆளே ‘தண்ணி விடுங்க’ன்னு வாயால சொல்லணும். சொல்ற வரைக்கும் எத்தனை தடவை வேணா சரி பாத்துக்கலாம். சொன்னதுக்கப்புறம் ரெஞ்சைத் தொடக் கூடாது. அந்த ரெண்டு வார்த்தையைச் சொல்ல நடுங்கி, அரை மணி நேரம் நின்ன பிள்ளைங்க உண்டு. அதைச் சொல்லாம பரீட்சை முடிஞ்சதுன்னா இவங்களுக்குப் புரியவே இல்ல.

“அண்ணா, தண்ணி விடணும்”னு நாத்தனார்தான் சொன்னாளாம்.

“எதுக்கு? ஆர்டர்ல தண்ணியே இல்லையே”ன்னாராம் எங்க வீட்டுக்காரர், தாளைத் திருப்பித் திருப்பிப் பாத்துட்டு.

கொஞ்ச நேரத்துல கேட் திறந்துச்சு. நான் கோஷத்தைப் பாதியில விட்டுட்டு எழுந்து நின்னேன். பிள்ளைங்க ரெண்டு ரெண்டு பேரா பலகையைத் தூக்கிக்கிட்டு வரிசையா வெளிய வர்றாங்க. முன்னாடி என் நாத்தனார், கையில பம்பு. பதினாறு பேர்ல ரெண்டு பேர் மட்டும் கடைசியில நூறு போதும்னு சாப்பிடப் போயிட்டாங்க, அவங்களைக் குத்தம் சொல்ல மாட்டேன். ரெண்டு மூணு நடையில பதினாலு பலகை ரோட்டோரமா வந்து நின்னுச்சு. எல்லாரும் எங்களையே பாக்கறாங்க.

“டீச்சர், தண்ணி விட்டுப் பாக்கணும்”னா அவ.

வெல்டிங் சார் என்னைத் தனியா இழுத்துட்டுப் போனார். “பம்பைத் தொட்டா ஸ்டிரைக் முடிஞ்சது. வேலை பாத்தோம்னு எழுதிடுவாங்க.”

அங்கதான் எனக்குக் கோபமும் மூளையும் ஒண்ணா வேலை செஞ்சுது. அது அடிக்கடி நடக்கறதில்ல. “சார், இது வேலைன்னு அவங்க எழுதட்டும். எழுதினா இது வேலைன்னு ஒத்துக்கிட்ட மாதிரி. இல்ல, வெறும் மேற்பார்வைன்னு எழுதினா, நாம ஸ்டிரைக்கை விடல. எப்படி எழுதினாலும் நமக்கு என்ன நஷ்டம்?”

அவர் சட்டைக் கையை மடிச்சார். “தண்ணி எங்க இருந்து எடுக்கறது?”ன்னு கேட்டார். நான் கை கழுவற தொட்டியைக் காட்டினேன்.

ஒவ்வொருத்தரா சொன்னாங்க. ‘தண்ணி விடுங்க டீச்சர்.’ வெல்டிங் சார் பம்பு அடிச்சார், நான் முள்ளைப் பாத்தேன். தலைகீழ் வால்வுக்காரன்கிட்ட தண்ணி போகவே இல்ல. சொருகி வச்சவளோட எல்போ ‘டப்’புன்னு கழண்டு தச்சு வாத்தியாரோட மடியில போய் விழுந்துச்சு. ரோட்டுல போறவங்க எல்லாம் வண்டியை நிறுத்திட்டு வேடிக்கை பாக்க ஆரம்பிச்சுட்டாங்க. முள்ளு நின்னா கைதட்டறாங்க, இறங்கினா ‘அடடா’ங்கறாங்க. கிரிக்கெட் மேட்ச் கெட்டுது போங்க.

நாத்தனார் முறை வந்துச்சு. சொந்தக்காரங்களுக்கு நான் மார்க் போடக் கூடாதுன்னு தள்ளி நின்னேன். தையல் டீச்சர் என் இடத்துல முள்ளைப் பாக்க உக்காந்தாங்க. அவ என் பக்கத்துல வந்து, முதல் தடவையா பள்ளி வாசல்ல வச்சு, “அண்ணி”ன்னா. அப்பவே ஏதோ தப்புன்னு எனக்குத் தெரிஞ்சு போச்சு.

“மூணாவது எல்போ. கொஞ்சம் அதிகமா போயிடுச்சு, நேரா நிக்கட்டும்னு கால் சுத்து பின்னாடி திருப்பிட்டேன்.”

டேப் சுத்தி இறுக்கினதைப் பின்னாடி திருப்பினா ஒழுகும். முதல் வாரத்துல இருந்து அதைச் சொல்லிச் சொல்லி என் தொண்டை வத்திப்போச்சு. பாக்க அழகா இருக்கணும்னு நினைக்கறவங்க பண்ற தப்பு அது. எனக்கு அவளை அடிக்கணும் போலவும் இருந்துச்சு, கட்டிப் பிடிச்சுக்கணும் போலவும் இருந்துச்சு. ஏற்கெனவே நூறு வாங்கியிருக்கா. பேசாம பலகையைத் தூக்கிட்டுத் திரும்பிப் போனா திங்கக்கிழமை வேலை. ‘போடி, உள்ள போ’ன்னு சொல்ல என் நாக்கு துடிச்சுது. பல்லைக் கடிச்சுக்கிட்டு நின்னேன்.

அவ பலகைகிட்ட போனா. ரெஞ்சைக் கீழ வச்சா. “தண்ணி விடுங்க டீச்சர்”னா, நல்லா சத்தமா.

வெல்டிங் சார் அடிச்சார். முதல் நிமிஷம் ஒண்ணும் இல்ல. ரெண்டாவது நிமிஷம் மூணாவது எல்போவுல ஒரு சொட்டு உருண்டு வந்து தொங்குச்சு. விழுந்துச்சு. அடுத்தது வந்துச்சு. தையல் டீச்சர் முள்ளைப் பாக்கறதை விட்டுட்டுக் கண்ணைத் துடைச்சுக்கிட்டாங்க. வேடிக்கை பாத்தவங்க கூட ‘அடடா’ன்னு சொல்லல.

எங்க வீட்டுக்காரர் கேட்டுல நின்னு எல்லாத்தையும் பாத்துக்கிட்டு இருந்தார், மார்க் பட்டியலை மார்போட அணைச்சுக்கிட்டு. மெதுவா நடந்து என்கிட்ட வந்தார்.

“இந்தச் சொட்டு ஆஸ்பத்திரியில விழுந்தா என்ன ஆகும்?”

“எங்க விழுதுங்கறதைப் பொறுத்தது. ஆபரேஷன் பண்ற ரூமுக்கு மேலயும் குழாய் போகுது.”

“நான் இதுக்கு நூறு போட்டிருக்கேன்.”

“ஆமாங்க. பதினாறு பேருக்கும் போட்டிருக்கீங்க.”

அவர் பட்டியலோட உள்ள போனார். ரொம்ப நேரம் வெளிய வரல. போய் எங்கயாவது உக்காந்து அழறாரோன்னு எனக்குக் கவலையாப் போச்சு.

மூணு மணிக்கு மண்டல அதிகாரி ஜீப்புல வந்து இறங்கினார். பந்தலைப் பாக்காத மாதிரி நேரா எங்க வீட்டுக்காரர்கிட்ட போய்ப் பட்டியலை வாங்கினார். படிக்கப் படிக்க அவர் கழுத்து சிவக்கறது எனக்கு இங்க இருந்தே தெரிஞ்சுது. பதினாறு நூறையும் ஸ்கேல் வச்சுக் கோடு போட்டு அடிச்சிருந்தார் எங்க வீட்டுக்காரர். கீழ மணிமணியான கையெழுத்துல, ‘மேற்பார்வை செய்தேன். எதைப் பார்க்க வேண்டும் என்று எனக்குத் தெரியவில்லை. தெரியாதவர் செய்யும் மேற்பார்வையால் பயன் இல்லை என்பதை அறிந்துகொண்டேன். மதிப்பெண்கள் ரத்து’ன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தார்.

“என்னய்யா இது? கிழிச்சுப் போட்டுட்டு வேற எழுது!”

எங்க வீட்டுக்காரர் பேனாவை மூடிச் சட்டைப்பையில சொருகினார். “முடியாது சார். தபால் பதிவேட்டுல எண் போட்டாச்சு.”

“எண்ணை அடிச்சுடு!”

“பதிவேட்டுல எண்ணை அடிச்சா அதுக்குத் தனியா விளக்கம் எழுதி, அதுக்கும் ஒரு எண் போடணும் சார். அப்புறம், மதிப்பெண் பட்டியல் நகலை அன்னைக்கே வேலை தர்றவங்களுக்கு அனுப்பணும்னு ஆர்டர்லயே இருக்கு. ரெண்டரை மணிக்கே ஆஸ்பத்திரிக்கு ஆள் போயாச்சு. கையெழுத்து வாங்கிட்டும் வந்தாச்சு.”

அய்யோ! அந்த நிமிஷம் எனக்கு வந்த சந்தோஷத்தை எங்க கொண்டு போய் வைப்பேன்? இருபத்திரண்டு வருஷமா இந்த மனுஷனை ‘ஃபைலு, ஃபைலு’ன்னு கரிச்சுக் கொட்டியிருக்கேன். அந்த ஃபைலை எடுத்தே ஒரு அதிகாரியை அசையாம நிறுத்திட்டாரே! ரோடுன்னு கூடப் பாக்காம ஓடிப்போய் அவர் கையைப் பிடிச்சுக்கிட்டேன். ஜில்லுன்னு வேர்த்துப் போயிருந்துச்சு. “ஸ்டிரைக் நேரத்துல தொடாதேம்மா, தப்பா நினைப்பாங்க”ன்னார்.

அதிகாரி பந்தலுக்கு வந்து உக்காந்தார். வேற வழி? ஆஸ்பத்திரிக்காரங்க கேட்டா பதில் சொல்லணுமே. டீ குடுத்தோம். மேலிடத்துக்கு மூணு தடவை போன் போட்டார். ஆறு மணி வாக்குல ஒரு தாள் தயாராச்சு: அடுத்த பருவத்துல இருந்து பட்டறையில ஒரு மணி நேரம், ஒரு மணி நேரம்தான். நாங்க கூடவே கேட்டிருந்த பட்டறை உதவியாளர் பணியிடத்துக்கு ‘பரிசீலிக்கப்படும்’னு போட்டாங்க. அது எப்ப நடக்கும்னு எனக்குத் தெரியும், இருந்தாலும் அடுத்த ஸ்டிரைக்குக் காரணம் வேணுமே. செய்முறைப் பரீட்சை மறுநாள் காலையில, எங்க ஆளுங்களை வச்சு, பதினாறு பேருக்கும் புதுசா.

வெள்ளிக்கிழமை நாத்தனார் பரீட்சைக்கு வேற பள்ளியில இருந்து ஒரு குழாய் வாத்தியாரை வரவழைச்சாங்க. எனக்கு உள்ள அனுமதி இல்ல. வராந்தாவுல நானும் எங்க வீட்டுக்காரரும் பெஞ்சுல உக்காந்திருந்தோம். அவர் லீவு போட்டுட்டு வந்திருந்தார், அதுக்கும் விண்ணப்பம் எழுதிக் குடுத்துட்டு. உள்ள ‘தண்ணி விடுங்க’ன்னு அவ குரல் கேட்டுச்சு. அப்புறம் பத்து நிமிஷம். பத்து நிமிஷம் அவ்வளவு நீளம்னு இத்தனை வருஷத்துல எனக்குத் தெரிஞ்சதே இல்ல, ஏன்னா நான் எப்பவும் பம்பு பக்கத்துலதான் நிப்பேன்.

கதவைத் திறந்துட்டு வந்தா. கையில தாள். எழுபத்தெட்டு.

“எழுபத்தெட்டா?” எங்க வீட்டுக்காரருக்கு முகம் சுருங்கிப் போச்சு. “நான் நூறு போட்டிருந்தேனே!”

எனக்கு வந்த சிரிப்புல பெஞ்சு ஆடுச்சு. நாத்தனாரும் சிரிச்சா, சிரிச்சுக்கிட்டே அழுதா, அழுதுக்கிட்டே திரும்ப உள்ள போனா. மீதி இருபத்திரண்டு மார்க் எதுல குறைஞ்சுதுன்னு அந்த வாத்தியாரைப் பிடிச்சு வச்சுக் கேள்வி கேட்டிருக்கா. மனுஷன் அரை மணி நேரம் கழிச்சுத்தான் டீ குடிக்கப் போக முடிஞ்சுது.

திங்கக்கிழமை வேலையில சேந்தா. ஒரு மாசம் கழிச்சு ஒரு ஞாயித்துக்கிழமை, “அண்ணி, வீடு பாக்கப் போகணும், கூட வாங்க. ஆனா நீங்க பேசக் கூடாது. உங்களுக்குக் கோபம் வரும்”னா. இது எப்படி இருக்கு! சரின்னு வாயைத் தைச்சுக்கிட்டுப் போனேன்.

முதல் ரெண்டு வீடும் அவளுக்குப் பிடிக்கல. மூணாவது மாடியில ஒரு வீடு, ரெண்டு ரூம், வெளிச்சமா, காத்தோட்டமா. வீட்டு ஓனர் ஜன்னலைத் திறந்து காட்டறார், அலமாரியைத் திறந்து காட்டறார். இவ எதையும் பாக்கல. நேரா சமையலறைக்குப் போய், புடவையைத் தூக்கிச் சொருகிக்கிட்டு, தொட்டிக்கு அடியில தலையை விட்டா. உள்ள இருந்து குரல் மட்டும் வருது. “இந்த வளைவுல கசியுது. கீழ் வீட்டுக் கூரை நனையும். மாத்தாம நான் வர மாட்டேன்.”

ஓனர் திகைச்சுப் போய் என்னைப் பாத்தார். “யாருங்க இவங்க?”

நான் வாயைத் திறந்தேன். ‘என் நாத்தனார், எங்க வீட்டுலதான் இருக்கா’ன்னு சொல்லி எனக்குப் பழக்கம். அதுக்குள்ள அவ தொட்டிக்கு அடியில இருந்து வெளிய வந்தா. முடியில ஒட்டடை. முகத்துல அழுக்கு.

“பிளம்பர்ங்க”ன்னா.

திறந்த வாயை மூடிக்கிட்டேன். பேசக் கூடாதுன்னு சொல்லியிருந்தது நல்லதாப் போச்சு. ஓனர் ரெண்டு அடி பின்னாடி நகர்ந்து, தலையைச் சொறிஞ்சுக்கிட்டு, “அப்படின்னா மொட்டை மாடித் தொட்டியையும் ஒரு தடவை பாத்துட முடியுங்களா?”ன்னு மரியாதையா கேட்டார். அவ மாடிப்படி எங்கேன்னு கேட்டுக்கிட்டு முன்னாடி நடந்தா, நாங்க ரெண்டு பேரும் பின்னாடியே போனோம்.